ஐஸ் ஹாக்கியில் ஓர் இளம் முன்கள வீரரை அபூர்வத் திறமை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வியின் சாரம் இது: பதினேழு வயதுப் பையன் ஒருவனின் பெயரைச் சொல்லி, "இவன் தலைமுறைக்கு ஒருவன்" என்று வட அமெரிக்கத் தொலைக்காட்சிகள் கொண்டாடுகின்றன. கோல் அடிக்கிற பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கும்போது இவனிடம் மட்டும் அப்படி எதைக் காண்கிறார்கள்? பல குளிர்காலங்களாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிறு ரிங்க்குகளில் (பனித்தள அரங்குகளில்) உட்கார்ந்து பிள்ளைகளின் ஆட்டங்களையும் ஜூனியர் ஆட்டங்களையும் பார்த்து வருகிறேன். இந்த ஆட்டத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. ஆகவே பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் மூன்று பையன்களின் கணக்கைப் பாருங்கள். மூவரும் முன்கள வீரர்கள். மூவரும் இருபது வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடி, வட அமெரிக்காவின் தலையாய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், அந்தந்த ஆண்டின் முதல் ஆளாகத் தேர்வானவர்கள். 2014-15இல் ஈரி ஆட்டர்ஸ் அணியில் கானர் மெக்டேவிட் 47 ஆட்டங்களில் 120 புள்ளிகள் எடுத்தார். 2022-23இல் ரெஜைனா பேட்ஸ் அணியில் கானர் பெடார்ட் 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள். 1992-93இல் விக்டோரியாவில் (Victoriaville) நகரத்து அணியில் அலெக்ஸாண்டர் டெய்க் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள். இந்த ஆட்டத்தில் கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒரு புள்ளி. வகுத்துப் பார்த்தால் மூவருக்கும் ஆட்டத்துக்கு இரண்டரைப் புள்ளி வருகிறது. சொல்லப்போனால் டெய்க்கின் சராசரிதான் மயிரிழை அதிகம்.

மெக்டேவிட் 2022-23இல் என்ஹெச்எல்லிலேயே 153 புள்ளிகள் எடுத்தார். டெய்க் தம் என்ஹெச்எல் வாழ்க்கை முழுவதும் சேர்த்து 616 ஆட்டங்களில் 129 கோல்களோடு முடித்துக்கொண்டார். டெய்க் ஜூனியரில் ஆடிய காலத்தில் அந்த லீக்கில் கோல்கள் மலிந்திருந்தன என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது ஈடாகாது. புள்ளிப் பட்டியல் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது.

அது என்ன என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மேலே போகப் போக ஓர் ஆட்டக்காரனிடமிருந்து பறிக்கப்படுவது நேரம். பதினான்கு வயதில் பக் (பனியில் வழுக்கி ஓடும் ரப்பர் வட்டு) கைக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்த்து, யோசித்து, முடிவெடுக்க இடம் இருக்கும். ஜூனியரில் அந்த இடம் பாதியாகிவிடும். என்ஹெச்எல்லில் பக் வந்து சேரும்போதே எதிராளியின் தோளும் வந்து சேர்ந்துவிடும். ஆகவே ஒரு பையனின் ஒவ்வொரு அழகான ஆட்டத்தையும் பார்க்கும்போது நான் ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: இவனிடமிருந்து அரை வினாடியைப் பிடுங்கிக்கொண்டால் இது நடந்திருக்குமா?

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சில அளவுகள். நம்மில் பலருக்கு ஹாக்கி என்றால் தரையில் ஆடும் ஹாக்கிதான் நினைவுக்கு வரும். இது வேறு உலகம். என்ஹெச்எல் ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். பக் என்பது கெட்டி ரப்பர் வட்டு. விட்டம் மூன்று அங்குலம், எடை சுமார் 170 கிராம். கோல் வாய் ஆறடி அகலம், நான்கடி உயரம். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர்: இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்கள வீரர்கள். முக்கால் நிமிடம் முழு மூச்சாக ஆடிவிட்டு அடுத்த மூவருக்கு வழிவிட வேண்டும். அந்த முக்கால் நிமிடத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர்.

இனி அந்த அரை வினாடிக்கு வருகிறேன்.

ஒரு பிப்ரவரி இரவு. டொராண்டோவுக்கு வடக்கே ஒரு நகராட்சி ரிங்க். பதினான்கு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். பக் மூலைச் சுவரில் பட்டு உருண்டு கிடக்கிறது. அதை எடுக்க ஒரு பையன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி போகிறான். பின்னால் இரண்டு பேர் துரத்தி வருகிறார்கள். நான் அவனுடைய தலைக்கவசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் கோட்டுக்குச் சற்று முன்பு இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. இரண்டு எட்டுக்குப் பிறகு வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பக்கைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் மறுபடியும் இடது பக்கம், கண் சிமிட்டும் நேரம். ஸ்டிக்கில் பட்ட உடனே, நிமிராமல், பின்புறமாக அதைச் சுவரில் தட்டிவிட்டான். அது சுவரோரமாக வளைந்து போய் ஆளில்லாத இடத்தில் நின்றது. ஆளில்லை என்று நான் நினைத்த அந்த இடத்துக்கு அவனுடைய கூட்டாளி ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தான். துரத்தி வந்த இருவரும் சுவரில் போய் மோதி நின்றார்கள். கோல் எதுவும் விழவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. எனக்குப் பின்வரிசையில் குறிப்பேட்டோடு இருந்த ஒரு முதியவர் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த மூன்று பார்வைகள்தான் நான் தேடுவது. பக் வந்த பிறகு பார்ப்பவனுக்கு நேரம் போதாது. வருவதற்கு முன்பே பார்த்து முடித்தவனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத அந்த அரை வினாடி கையிருப்பில் இருக்கிறது. மேலே போனதும் அதை யாரும் அவனிடமிருந்து பறிக்க முடியாது, ஏனென்றால் அதை அவன் முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருக்கிறான். அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட்டுகள் இதைத் தோள் பார்வை என்பார்கள். ஒரு மூலையில் பக்கை எடுக்கப் போகும்போது எத்தனை முறை தலை திரும்புகிறது என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

வேய்ன் கிரெட்ஸ்கியின் கதை முழுக்க இதுதான். அவர் பெரிய உடம்புக்காரர் அல்ல. அவருடைய ஷாட் அந்தக் காலத்தின் வலுவான ஷாட்டும் அல்ல. ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் வீட்டின் பின்புறத்தில் அப்பா வால்டர் தண்ணீர் விட்டு உறையவைத்த ரிங்க்கில் பழகியவர். சிறுவயதில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது, காகிதத்தில் ரிங்க்கை வரைந்துவைத்து, பக் போகிற வழியெல்லாம் பென்சிலை ஓட்டுவார் என்பது கனடாவில் எல்லோரும் அறிந்த கதை. கோடுகள் எங்கே நெருக்கமாக விழுகின்றனவோ அங்கேதான் பக் திரும்பத் திரும்ப வருகிறது. பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல்கள் அடித்தார். ஆனால் அந்த எண்ணைவிட என்னை அசரவைப்பது 1985-86ஆம் ஆண்டுக் கணக்கு. அந்த ஆண்டு அவர் எடுத்த 215 புள்ளிகளில் 163 புள்ளிகள் பாஸ்களுக்கு வந்தவை. புள்ளிப் பட்டியலில் இரண்டாவதாக வந்த மரியோ லெமியூ கோல், பாஸ் எல்லாம் சேர்த்தே 141தான். மற்றவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவரால்தான் இது முடியும். உடல் சிறியது என்பதால் கோலுக்குப் பின்னால் போய் நின்று ஆட்டத்தை நடத்தினார். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரியும். அவரைப் பார்க்க வேண்டுமானால் கோல்கீப்பர் கழுத்தைத் திருப்ப வேண்டும். அந்த இடத்துக்கு "கிரெட்ஸ்கியின் அலுவலகம்" என்றே பெயர் வந்துவிட்டது.

அடுத்தது கால். ஸ்கேட்டிங் வேகம் என்றவுடன் எல்லோரும் நேர்கோட்டு வேகத்தை நினைக்கிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். பக் இல்லாமல் வேகமாகப் போகிறவர்கள் என்ஹெச்எல்லில் ஏராளம். பக் கையில் இருக்கும்போதும் வேகம் குறையாமல் போகிறவர்கள் சிலர். போய்க்கொண்டே பக்கை ஏந்தி, எதிராளியின் காலைப் படித்து, முடிவை மாற்றிக்கொள்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மெக்டேவிட் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் என்ஹெச்எல்லின் நட்சத்திர வீரர்கள் கூடும் ஆல்-ஸ்டார் நிகழ்வில் அதிவேக ஸ்கேட்டர் போட்டியை வென்றவர். ஆட்டங்களில் அவருடைய உச்ச வேகம் மணிக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. ஆனால் அவருடைய கால்களைக் கவனித்துப் பாருங்கள். நேராகக் காலை உதைத்துப் போவது குறைவு. ஒரு காலை மற்றதன் மேல் குறுக்காக வைத்து, வைத்து, வளைந்து வளைந்து வேகம் எடுக்கிறார். இப்படி வரும்போது அவர் இடமா வலமா என்பது கடைசி நொடி வரை தடுப்பாட்டக்காரருக்குத் தெரியாது. அவரோ ஒவ்வொரு வளைவிலும் கூடுதல் வேகம் பெறுகிறார். சடுகுடுவில் ஏறிப் போகிறவன் எதிரணியின் கால்களில் எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று பார்ப்பானே, அதேதான். பாரம் வலது காலில் விழுந்த நொடியில் அவர் மறுபக்கம் போய்விட்டிருப்பார்.

2021 நவம்பர் 5ஆம் தேதி எட்மன்டனில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அடித்த கோலை இணையத்தில் தேடிப் பாருங்கள். அவருடைய எட்மன்டன் அணி 4-5 என்று பின்தங்கியிருக்கிறது, கடைசி நிமிடங்கள். நான்கு ரேஞ்சர்ஸ் வீரர்களுக்கு நடுவில் புகுந்து, நால்வரையும் தாண்டி, கோல்கீப்பரையும் ஏமாற்றிச் சமன் செய்தார். எட்மன்டன் கூடுதல் நேரத்தில் வென்றது. முதல் முறை எல்லோரும் பார்ப்பது அவருடைய கைகளை. இரண்டாவது முறை அந்த நால்வரின் கால்களைப் பாருங்கள். ஒருவர் பின் ஒருவராக, தவறான காலில் பாரம் வைத்து நிற்கிறார்கள். மூன்றாவது முறை அவருடைய தலையைப் பாருங்கள். பக்கை நோக்கிக் குனியவே இல்லை என்று சொல்லலாம். பக் எங்கே இருக்கிறது என்பதைக் கைகளே பார்த்துக்கொள்கின்றன, கண்கள் வேறு வேலைக்கு விடுதலையாகியிருக்கின்றன.

வேகம் என்றால் எப்போதும் விரைவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2007இல் முதல் ஆளாகத் தேர்வான பேட்ரிக் கேன் ஐந்தடி பத்தங்குல உயரக்காரர். நீலக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பகுதிக்குள் நுழைந்ததும் சட்டென்று நின்றுவிடுவார். துரத்தி வந்தவர் தம் வேகத்திலேயே அவரைக் கடந்து போய்விடுவார். அவரைச் சுற்றி ஒரு சின்ன வெற்றிடம் உருவாகும். அங்கே நின்று, பின்னால் வரும் கூட்டாளிக்காகக் காத்திருப்பார். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். எப்போது நிற்பது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரே வேகத்தில் ஆடுகிற பையன், அது எவ்வளவு பெரிய வேகமாக இருந்தாலும், மேலே போனதும் எதிராளிகளுக்குப் பழகிப்போய்விடுவான்.

நீலக்கோட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற எரிக் டல்ஸ்கி, இணையத்தில் ஹாக்கிப் புள்ளிவிவரங்களை எழுதத் தொடங்கி, 2024இல் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியின் பொது மேலாளராகவே ஆனவர். எதிரணிப் பகுதிக்குள் பக்கை ஸ்டிக்கிலேயே ஏந்தி நுழைவதற்கும், சுவருக்கு வீசிவிட்டுத் துரத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அவரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தார்கள். ஏந்தி நுழைந்தால் கிடைக்கும் ஷாட்டுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் பிறகுதான், ஒரு பையன் நீலக்கோட்டை எப்படித் தாண்டுகிறான் என்பதை எண்ணிப் பார்க்கும் வழக்கம் பரவலானது. கோலே அடிக்காத ஆட்டத்தில்கூட ஏழெட்டு முறை பக்கோடு உள்ளே போகிறவன் அணிக்கு எவ்வளவு சேர்க்கிறான் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

ஷாட்டுக்கு வருவோம். பெடார்டைப் பதினைந்து வயதிலிருந்தே பேசவைத்தது அவருடைய ஷாட்தான். சாதாரணமாக ஒரு வீரர் அடிக்கப் போகிறார் என்றால், பக் இருக்கும் இடத்தைப் பார்த்து கோல்கீப்பர் தம் கோணத்தைச் சரிசெய்துகொள்வார். பெடார்ட் அடிக்கும் முன் ஸ்டிக்கின் நுனியால் பக்கைத் தம் காலடிக்கு இழுத்துக்கொண்டு, இழுக்கிற அந்த அசைவிலேயே விட்டுவிடுகிறார். பக் ஓரிரு அடி நகர்ந்திருக்கும். கோல்கீப்பர் மூடிவைத்த கோணம் பழைய கோணம். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரின் காலிடுக்கில் பக் போகிறது; கோல்கீப்பருக்கு அது தெரியவும் தாமதமாகிறது. ஷாட்டின் வலுவைவிட இதுதான் முக்கியம். 2023 உலக ஜூனியர் போட்டியில் ஏழே ஆட்டங்களில் 23 புள்ளிகள் எடுத்தார். சிகாகோவில் முதல் பருவத்தில், நடுவில் தாடை உடைந்து சில வாரங்கள் ஆடாமல் இருந்தும், 68 ஆட்டங்களில் 61 புள்ளிகளோடு சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார். அணியோ பட்டியலின் அடியில் கிடந்த அணி.

பாஸில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கோல்வாயிலிருந்து ரிங்க்கின் நடுவே நேராக ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாள் கோல்கீப்பர் ஸ்டீவ் வாலிகெட் இதற்கு ராயல் ரோடு என்று பெயர் வைத்தார். இந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து போகும் பாஸ், கோல்கீப்பரை ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்கு இழுக்கிறது. அவர் நகர்ந்துகொண்டிருக்கும்போது வரும் ஷாட் கோலாக மாறும் வாய்ப்பு மிக அதிகம். அந்தக் கோட்டின் மேல் எப்போதும் இரண்டு மூன்று ஸ்டிக்குகள் மறித்துக் கிடக்கும். அவற்றுக்கு மேலாகப் பக்கை அரையடி உயரம் தூக்கிவிட்டு, மறுபக்கத்துக் கூட்டாளியின் ஸ்டிக்கில் தட்டையாக இறக்குகிற பையனைப் பார்த்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் இதைவிட அழகானது எதுவும் இல்லை.

இவ்வளவும் அழகு. அழகில்லாத இடம் ஒன்று உண்டு: சுவரோரம். பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. சிட்னி கிராஸ்பியை இளம் வயதிலேயே வேறுபடுத்திக் காட்டியது அங்கே அவர் ஆடிய விதம். இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, குதிகால்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கும்படி பாதங்களை விரித்து, பக்கைத் தம் உடலுக்கு மறுபுறம் வைத்தபடி வட்டமடிப்பார். பின்னால் இருந்து தள்ளுகிறவர் தள்ளத் தள்ள அவருக்கு அது உந்துதலாகிவிடும். நோவா ஸ்கோஷியாவின் கோல் ஹார்பரில், வீட்டின் கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் பக்கை அடித்தே பழகியவர். அடிபட்டு நசுங்கிக் கறுத்துப்போன அந்த இயந்திரம் இன்று அந்த மாகாணத்தின் விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதில் என்ஹெச்எல்லின் முதல் பருவத்தில் 102 புள்ளிகள். பத்தொன்பது வயதில் 120 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம். அந்த வயதில் வேறு யாரும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை.

பக்கை இழந்த அடுத்த இரண்டு நொடிகளில் ஒரு பையன் என்ன செய்கிறான் என்பதையும் நான் தவறாமல் பார்ப்பேன். தலையை ஆட்டிக்கொண்டு மெல்ல வளைந்து திரும்புகிறானா, நின்ற இடத்திலேயே பனித்தூள் பறக்க நின்று பக்கின் பின்னால் பாய்கிறானா? மேக்லின் செலப்ரினி பதினேழு வயதில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது எதிரில் இருந்தவர்களில் பலர் இருபதைத் தாண்டியவர்கள். 38 ஆட்டங்களில் 32 கோல், 32 பாஸ். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் உயர்ந்த விருதான ஹோபி பேக்கர் விருதை இவ்வளவு இளம் வயதில் வேறு எவரும் பெற்றதில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசியவர்கள் கோல்களுக்கு இணையாகச் சொன்னது, தம் கோலை நோக்கி அவர் திரும்பி ஓடும் வேகத்தைத்தான். ரிங்க்கின் முழு நீளத்தையும் ஆடுகிறவர் என்ற பொருளில் இதை இருநூறு அடி ஆட்டம் என்பார்கள். 2024இல் சான் ஹோசே அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. பின்லாந்தின் அலெக்சாண்டர் பார்கோவும் இந்த வகைதான். பதினேழு வயதில் டப்பாரா அணிக்காக, வளர்ந்த ஆண்களின் லீக்கில் 53 ஆட்டங்களில் 48 புள்ளிகள் எடுத்தவர். பிறகு ஃபுளோரிடாவின் தலைவராக 2024, 2025 இரண்டு ஆண்டும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். பையன்களுக்கு எதிராக எடுத்த நூறு புள்ளிகளைவிட, ஆண்களுக்கு எதிராக எடுத்த இந்த 48 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எதிராளியின் வயதைச் சொன்னதும் பிறந்த மாதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பத்து வயதில் அந்தப் பதினோரு மாதம் ஒரு தலை உயரம். பெரியவனாக இருப்பவன் நல்ல அணிக்குத் தேர்வாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான், மேலும் நல்லவனாகிறான். உடல்மோதலும் இப்படித்தான். ஹாக்கி கனடா 11-12 வயதுப் பிரிவில் மோதலை 2013இல் நீக்கிவிட்டது. அது சரியான முடிவு. பிள்ளைகளின் மூளைக்கு ஆபத்தான விஷயம் அது. ஆனால் பன்னிரண்டு வயது வரை தலையைக் குனிந்துகொண்டே பக்கை ஓட்டிக் கோல்களாகக் குவித்தவன், மோதல் தொடங்கிய முதல் மாதத்திலேயே காணாமல் போவதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவனிடம் கையும் காலும் இருந்தன, பார்வை இல்லை. டிராஃப்ட்டுக்கு வேறு தேதி: செப்டம்பர் 15க்குள் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தார். இரண்டே நாள் தாமதத்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டைச் சுவிட்சர்லாந்தில், சூரிக் அணியில் ஆண்களோடு ஆடிக் கழித்தார். பிறகு டொராண்டோவுக்காக ஆடிய முதல் என்ஹெச்எல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள்.

பதினைந்து வயதிலேயே ஜூனியரின் உச்ச நிலையான மேஜர் ஜூனியரில் ஆட அனுமதிக்கும் ஒரு விதிவிலக்கு முத்திரையும் இருக்கிறது. 2005இல் ஜான் டவாரெஸுக்கு முதலில் கிடைத்தது. மெக்டேவிட், பெடார்ட் இருவரும் அதைப் பெற்றவர்கள். அதே முத்திரையை 2015இல் பெற்ற ஜோ வெலெனோ டிராஃப்ட்டில் 30ஆவது ஆளாகத்தான் போனார். ஷேன் ரைட் 2022இல் முதல் ஆள் என்று நெடுநாள் பேசப்பட்டு நான்காவதாகப் போனார். பதினைந்து வயதில் மற்றவர்களைவிட முன்னால் இருப்பது ஒன்று. அந்த இடைவெளி தொடர்ந்து விரிவது வேறு. ஆகவே ஒரு பையனை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, இடைவெளி விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். ஹாக்கியில் பல முளைகளை யாரும் குனிந்தே பார்க்கவில்லை. பாவெல் டாட்சியுக் 1998 டிராஃப்ட்டில் 171ஆவது ஆள். சிறிய உடம்பு, அதற்கு முந்தைய டிராஃப்ட்டுகளில் யாரும் எடுக்கவில்லை. டெட்ராய்ட் அணியின் ஸ்வீடன் ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் ரஷ்யாவுக்கு வேறொருவரைப் பார்க்கப் போய், இவரைக் கண்டு திகைத்துத் திரும்பினார். தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருதை டாட்சியுக் பின்னாளில் தொடர்ந்து மூன்று முறை வென்றார். எதிராளியின் ஸ்டிக்கிலிருந்து பக்கைத் திருடுவதில் அவருக்கு நிகர் அவரே. பிரேடன் பாயின்ட் 2014இல் 79ஆவது ஆள். உயரம் குறைவு, ஸ்கேட்டிங்கும் போதாது என்பது அன்றைய கணிப்பு. 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியனான பார்ப் அண்டர்ஹில் அவருக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தார். 2020, 2021 இரண்டு ஆண்டும் டாம்பா பே அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, கோப்பைக்கான இரண்டு பிளேஆஃப் சுற்றுகளிலும் தலா 14 கோல்கள் அடித்தது பாயின்ட். காலைத் திருத்த முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பார்வையை அப்படித் திருத்தியவரை நான் இன்னும் பார்த்ததில்லை. அதனால்தான் கால் சற்றுத் தளர்ந்து பார்வை கூர்மையாக இருக்கும் பையன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

டெய்க்குக்குத் திரும்புகிறேன். அவரிடம் திறமை இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அவருடைய வேகம் உண்மையான வேகம். பதினெட்டு வயதில் ஐந்தாண்டுக்கு ஒரு கோடியே 22 லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் ஒப்பந்தம், ஒட்டாவா என்ற புத்தம் புது அணியின் முழுப் பாரம், எல்லாம் அந்தத் தோளில் ஏற்றப்பட்டன. ஜூனியரில் அவருக்குத் திறந்து கிடந்த பனிப்பரப்பு என்ஹெச்எல்லில் மூடிக்கொண்டபோது, அந்த வேகத்துக்கு ஓட இடமில்லாமல் போயிற்று என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இருபத்தைந்து வயதில் ஆட்டத்தையே விட்டு விலகி இரண்டு பருவங்கள் ஒதுங்கியிருந்தார். பிறகு திரும்பி வந்து, 2003-04இல் மினசோட்டாவுக்கு 51 புள்ளிகள் எடுத்து அந்த அணியிலேயே முதலாவதாக வந்தார். யாரும் எதுவும் எதிர்பார்க்காத அந்த ஒரு பருவத்தில் அவர் ஆடியது எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். பதினேழு வயதுப் பையனைத் தலைமுறைக்கு ஒருவன் என்று எழுதும் ஒவ்வொருவரும் அவருடைய கதையை ஒரு முறை படித்துவிட்டு எழுதினால் நல்லது.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் தொலைக்காட்சியை நம்பாதீர்கள். கேமரா பக்கின் பின்னால் போகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பக் இல்லாத பையனை. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறீர்கள் என்றால் அருகில் நடக்கும் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போங்கள். மூலையில், மேல் வரிசையில் உட்காருங்கள். ஒரே ஒரு முன்கள வீரனைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஷிஃப்ட்டுகள் அவனைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். முதல் ஷிஃப்ட்டில் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டாவதில் நீலக்கோட்டை எப்படித் தாண்டுகிறான் என்று பாருங்கள். மூன்றாவதில், பக் பறிபோன பிறகு அவனுடைய முதல் இரண்டு எட்டுகள் எந்தத் திசையில் போகின்றன என்று பாருங்கள். கெட்டியான கோட்டும் கையுறையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அந்தப் பலகை இருக்கைகள் இரண்டாம் பகுதி முடிவதற்குள் எலும்பு வரை சில்லிட்டுவிடும்.